மாமா சொல்லிக் கொடுத்த பதில்கள்

எங்கள் மாமா தர்மலிங்கத்திடம் படித்துவிட்டு லைசென்ஸ் தேர்வில் தோற்றவர்களை எங்கள் ஊரான பெண்டாங்கில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாமா என்றால் என் அக்கா குணசுந்தரியின் கணவர். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது சுமார்தான். பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே வருவார். ஆனால் அதற்கு முன்னால் கணினியில் எழுத வேண்டிய சாலைவிதித் தேர்வு இருக்கிறதே, அதற்கு ஆள் தயார் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வயலிலிருந்து நேரே வந்த மலாய்க்காரப் பெரியவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எஸ்டேட்காரர், என்னைப் போல் நாற்பது வயதுக்குமேல் திடீரென்று ஆசை வந்தவள் என்று யார் போனாலும் ஒரு கடைக்கு மேலே இருக்கும் தன் பள்ளி அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார். மறுபடி அதே கேள்வி. சரியாக வரும்வரை விடமாட்டார். எனக்கு விளங்கவில்லை என்று ஒருநாள் சொன்னேன். "விளங்கிக்கிட்டு என்னலா செய்யப் போறே? பதிலைப் பிடிச்சுக்கோ," என்றார். பாஸான பிறகுதான் சாலையோரப் பலகைகளில் பாதிக்கு என்ன அர்த்தம் என்று அடுத்தவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம்தான் என் அக்காவின் வாயை அடைத்தது. நான் கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கோபம்தான்.

அக்காவுக்குப் புற்றுநோய் முதலில் மார்பில் வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்த பிறகு ஒரு வருடத்துக்குமேல் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு இடுப்பு வலிக்கிறது என்றாள், பார்த்தால் எலும்புக்குப் போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெரிய மருத்துவமனைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குப் பக்கத்து ஊரான குருணில் தொழிற்சாலை வேலை, ஷிஃப்ட் மாற்றி விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போவேன். மாமாவின் கார்தான். கூரைமேல் பள்ளியின் பெயர்ப்பலகை, முன்னும் பின்னும் எல் எழுத்து. அந்தக் காரில் நோயாளியை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் பின்னால் வருகிறவன் எல்லாம் ஹார்ன் அடிப்பான்.

முதல் முறை போன அன்று மருத்துவமனையில் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. எங்களை வாசலில் இறக்கிவிட்டு மாமா சுற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் டிஃபனி என்ற பெண் எங்களிடம் வந்தாள். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் டேப்லெட். நல்ல தமிழில் பேசினாள். மனநல மருத்துவர்கள் ஓர் ஆராய்ச்சி செய்கிறார்களாம். புற்றுநோய் வந்தவர்களின் மனம் என்ன பாடுபடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்றாள். சொல்வது யாருக்கும் தெரியாது, சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மருந்துக்கு வரும்போதெல்லாம் இதே கேள்விகளைக் கேட்பேன், விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அக்கா சரி என்றாள்.

பக்கத்தில் ஒரு சின்ன அறை. நானும் உட்கார்ந்திருந்தேன். டிஃபனி ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். கடந்த ஒரு வாரத்தில் மனம் சோர்ந்திருந்தீர்களா, காரணமில்லாமல் பயம் வந்ததா, பிறருக்குப் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றியதா என்று இப்படியே போனது. ஒருபோதும் இல்லை, சில நேரங்களில், பெரும்பாலும், எப்போதும் என்று நான்கு பதில்கள். பயத்தைப் பற்றிய கேள்வி வந்ததும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் அப்படி ஒரு அழுகையை அவளிடம் பார்த்ததில்லை. அம்மா செத்தபோதுகூட எல்லோருக்கும் காப்பி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். செத்துப்போவதைவிட அதற்கு முன்னால் என்னவெல்லாம் நடக்கும் என்று நினைத்தால்தான் பயம் என்றாள். காலையில் கண் விழித்ததும் ஒரு நொடி எல்லாம் மறந்திருக்கும், அப்புறம் ஞாபகம் வரும், அந்த நேரம்தான் தாங்க முடியவில்லை என்றாள். டிஃபனி டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. பசிக்கிறது என்றாள். பசி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

மாமா வேர்த்துப் போய் வந்து சேர்ந்தார். அக்காவின் சிவந்த கண்ணைப் பார்த்தார். டிஃபனி டேப்லெட்டோடு டாக்டர்கள் அறைப்பக்கம் போவதையும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மிசி என்று நாங்கள் சொல்லும் நர்ஸ் வந்தாள். இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு குறைவு, இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்று மலாயில் மளமளவென்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது நல்ல மழை. கார்க் கண்ணாடியில் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அக்கா படுத்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று விசாரித்தார். சொன்னேன். எந்தக் கேள்விக்கு அழுதாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"அதான் மருந்து போடல," என்றார்.

ரத்தம் குறைவு என்றுதானே மிசி சொன்னாள் என்றேன். மாமா என்னை ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தேர்வில் ஆளைக் கழிக்க நினைத்துவிட்டால் அதிகாரி ஆயிரம் காரணம் சொல்வார், கண்ணாடியைப் பார்க்கவில்லை என்பார், கோட்டைத் தொட்டுவிட்டாய் என்பார், எல்லாம் வாய்க்கு வந்தது என்று விளக்கினார். மனசு தெம்பில்லாதவளுக்கு விலை உயர்ந்த மருந்தை எதற்கு வீணாக்குவது என்று நினைத்துவிட்டார்கள், அந்தப் பெண்ணை விட்டுச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை, சம்பந்தமே இல்லை என்று சொன்னாள் என்றேன்.

"எந்தப் பரீட்சையில லோகா, இது பரீட்சைன்னு முன்னாடியே சொல்லிட்டு வைக்கிறான்?" என்றார்.

அன்று மாலை விளக்கு வைத்த பிறகு சாப்பாட்டு மேசையில் பாடம் ஆரம்பமானது. நான் சொன்ன கேள்விகளை அவர் அப்படியே மனதில் ஏற்றியிருந்தார். மனம் சோர்ந்திருந்தீர்களா? அக்கா யோசித்தாள். யோசிக்கக் கூடாது என்றார் மாமா. யோசித்தாலே சந்தேகம் வரும். எல்லாவற்றுக்கும் ஒருபோதும் இல்லை என்று அடித்துவிடவும் கூடாது, பொய் என்று தெரிந்துவிடும். தூக்கம் வருகிறதா, களைப்பாக இருக்கிறதா என்கிற இரண்டுக்கு மட்டும் சில நேரங்களில் என்று சொல்லிக்கொள்ளலாம். பயத்துக்கு ஒருபோதும் இல்லைதான். அக்கா முதலில் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை. அவர் மூன்றாவது தடவையும் அதே கேள்வியைக் கெஞ்சுவதுபோல் கேட்டதும் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லத் தொடங்கினாள்.

அடுத்த வாரம் மருத்துவமனை வாசலில் மாமா இறங்கிக்கொண்டு கார் சாவியை என்னிடம் கொடுத்தார். அவர் தயவில் வாங்கிய லைசென்ஸ்தானே, நான்தான் இடம் தேடிச் சுற்றினேன். மேலே போனபோது கேள்விகள் முடிந்திருந்தன. அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்றைக்கு மருந்தும் ஏற்றினார்கள். இரத்தம் சரியாகியிருந்தது, ஏற்றினார்கள், அவ்வளவுதான். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பொட்டலம் பொட்டலமாகப் பலகாரம் வாங்கி வந்து மிசிமாருக்கெல்லாம் கொடுத்தார். அந்தப் பக்கம் வந்த டிஃபனிக்கு இரண்டு பொட்டலம். அவள் ஏன் என்று விளங்காமல் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவரை யார் என்ன சொல்லி மாற்ற முடியும்? அழுதாள், மருந்து நின்றது. அழவில்லை, மருந்து கிடைத்தது. கண்ணால் பார்த்துவிட்டார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இதேதான் நடந்தது. டிஃபனி அக்காவிடம் தனியாகப் பேசலாமா என்று ஒரு முறை கேட்டிருக்கிறாள். "என் பொஞ்சாதிக்கு என்கிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லம்மா," என்று இவர் அசையாமல் உட்கார்ந்துவிட்டாராம்.

மருத்துவமனையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அழுதால் உடம்பில் தெம்பு இறங்கும் என்று வீட்டிலும் சட்டம் வந்துவிட்டது. யான் என்ற ஊரிலிருந்து பார்க்க வந்த மாமாவின் தங்கை, அக்காவின் மொட்டைத் தலையைக் கண்டு பெருமூச்சு விட்டதற்கு அவளை வெளியே கூட்டிப்போய்ப் பேசி அனுப்பினார். அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நேரம் கடத்தினால் கதவைத் தட்டினார். வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை, நகங்கள் கறுத்துவிட்டன. எப்படி இருக்கே குணா என்று அவர் கேட்டால், நல்லா இருக்கேங்க என்பாள். அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காகவே அவள் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் மாமா வகுப்புக்குப் போயிருந்தபோது அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"லோகா, அந்தப் பொண்ணுகிட்ட மொத நாள் பேசினேன்ல, அன்னிக்கு மட்டும்தான் நான் நல்லாத் தூங்கினேன். செத்துப்போறதுக்குள்ள இன்னொரு தடவை அப்படிப் பேசிடணும்லா. வேற ஒண்ணும் வேணாம்."

என்னிடம் பேசேன் என்றேன். நீ அழுவே, நான் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்றாள். அது உண்மை. அப்போதே என் கண் நிறைந்துதான் இருந்தது. அடுத்த முறை மாமாவை வெளியே அனுப்பிவிட்டு டிஃபனியிடம் பேசிவிடு, மருந்து நிற்காது என்றேன். நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அவளுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்து நின்றால் அவர் தாங்க மாட்டார் என்றாள்.

அன்று மாலை மாமாவோடு நேருக்கு நேர் சண்டை போட்டேன். நீங்கள் அவளை மனம்விட்டு அழக்கூட விடவில்லை, இது என்ன கொடுமை என்றேன். அவர் கத்தவில்லை. மிகவும் மெதுவாகத்தான் கேட்டார்.

"உன் பேச்சைக் கேட்டு அவ அழுது, மருந்தை நிறுத்திட்டாங்கன்னா, அவ உசுருக்கு நீ பொறுப்பு ஏத்துக்குவியா?"

ஏற்றுக்கொள்கிறேன் என்று எந்த மனுஷியால் சொல்ல முடியும்? நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆறாவது முறை மருந்துக்கு முன்னால் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மலாய்க்காரர், வயதில் சின்னவர். நாற்காலியை அக்காவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் புரியும்படி நிதானமாகச் சொன்னார். ஈரலுக்குப் பரவிவிட்டது. மருந்து கேட்கவில்லை. இனிமேல் ஏற்றினால் வேதனைதான் கூடும். வீட்டிலேயே வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், மிசி வீட்டுக்கு வருவார், குடிக்கிற மார்ஃபின் தருகிறோம் என்றார். அக்கா தெரிமா காசே டாக்டர் என்று நன்றி சொன்னாள். மாமா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

அக்காவைச் சக்கர நாற்காலியில் மருந்துக் கவுண்டர் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பினால், நடைபாதையில் மாமா டிஃபனியின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். ஓடினேன்.

"எந்தப் பதில் தப்புன்னு மட்டும் சொல்லும்மா," என்று கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாம் சரியாத்தானே சொன்னா? நானும் பக்கத்துலதானே இருந்தேன்? இன்னொரு சான்ஸ் கொடுக்கச் சொல்லு. நான் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வரேன்."

அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான் நடுவில் புகுந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. மாமாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், நான் எழுதுறது எதுவும் மருந்து போடுற டாக்டர்கிட்ட போகாது. அன்னிக்கு ஆண்ட்டிக்கு ரத்தம்தான் கம்மியா இருந்துச்சு. ஆண்ட்டி அழுதா என்ன, சிரிச்சா என்ன, மருந்து மருந்துதான்." சொல்வதா வேண்டாமா என்று அவள் தயங்கியது தெரிந்தது. "மொத நாள் அவங்க அவ்வளவு பயமா இருக்குன்னு சொன்னதால, வாரா வாரம் உட்காந்து பேசறதுக்கு ஒரு டாக்டர் ஏற்பாடு பண்ணோம். அடுத்த தடவை கேட்டப்ப, பயமே இல்ல, டாக்டர் வேணாம்னு ஆண்ட்டியே சொல்லிட்டாங்க. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. அவர் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு மனைவியைக் காப்பாற்றப் பார்த்தார். அதைத் தவிர அவர் வேறென்ன செய்தார்?

பெண்டாங் வந்து சேர்ந்து, அக்காவைப் படுக்கையில் விட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மாமா அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். டிஃபனி சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எதையும் தனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை. அந்தப் பேசுகிற டாக்டர் விஷயத்தையும் சொன்னார். நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் முட்டாள்தனமா உன்னைப் போட்டுப் பாடுபடுத்திட்டேன், குணா. இனிமே உன் மனசுல என்ன இருக்கோ சொல்லு. அழணும்னா அழு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். உதடு கோணியது. எத்தனையோ மாதமாகத் தேக்கி வைத்தது வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க," என்றாள்.

"அப்படிச் சொல்லக் கூடாது," என்றார் மாமா.

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன வேகத்திலேயே அவருக்கும் தெரிந்துவிட்டது. ஐயோ இல்லை, இல்லை, நீ சொல்லு, நான் சும்மா, பழக்கத்தில் வந்துவிட்டது, சொல்லு குணா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கெஞ்சினார். அக்காவின் உதடு நேராகிவிட்டது. அவர் கைமேல் தன் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தாள். "ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கேன். காலையிலிருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல, போய்ச் சாப்பிடுங்க," என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவர் கேட்டார். காலையில் கேட்டார், மருந்து கொடுக்கும்போது கேட்டார், கால் பிடித்துவிடும்போது கேட்டார். நல்லா இருக்கேங்க என்பதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. என்னிடமும் அதேதான். வலியில் முனகுகிறவள், நான் உள்ளே போனால் முனகலை விழுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா தானே போய் டிஃபனியைக் காரில் அழைத்து வந்தார். அவள் அன்று விடுப்பு எடுத்திருந்தாள். சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தாள், டேப்லெட் எதுவும் கொண்டுவரவில்லை. மாமா அவளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். நானும் உள்ளே போகக் கூடாது என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். வீட்டுக்கு முன்னால் காரை ஒட்டி இரண்டு பேரும் நின்றோம். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வராதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். என் அக்கா அழ வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

டிஃபனி சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது அவளுக்குத்தான். அக்கா பேசினாளா என்று மாமா கேட்டார்.

"எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், அங்கிள். பயம் எல்லாம் இல்ல, மனசு நல்லா இருக்குன்னு சொன்னாங்க. தூக்கம்தான் சில நேரங்கள்ல வரலையாம்."

மாமா சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

"நான் சொல்லிக் கொடுத்தது யாருக்கும் மறக்காதும்மா," என்றார். பிறகு அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்காகக் கார்க் கதவைத் திறந்தார்.